நடுவழியில் இருளும் மீட்டர்... 10 வயதாகும் ஹைபிரிட் கார்களில் என்ன நடக்கிறது?

இரவு 11 மணி. கும்பகோணத்தில் ரிசப்ஷன் முடிந்து, தாம்பூலப் பையோடு ஒரு குடும்பம் பழைய ரோட்டில் தஞ்சாவூருக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் பாட்டியும் பிள்ளைகளும் அசந்து தூங்குகிறார்கள். பாபநாசம் தாண்டியதும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டர் இரண்டு முறை மினுங்கிவிட்டு அப்படியே அணைந்துபோகிறது. வேகம் தெரியவில்லை. டீசல் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. ஆனால், கார் பாட்டுக்கு ஓடுகிறது. ஏ.சி வருகிறது, இளையராஜாவும் பாடிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, மீட்டர்ல லைட்டே காணோம்?"

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. எதிரே டிப் செய்யாத லாரி வருகிறது. சம்பா அறுவடை நேரமென்றால், பின்பக்கம் விளக்கே இல்லாமல் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் முன்னால் போகும். ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். இந்த ரோட்டில் 50-ல் போகிறோமா, 80-ல் போகிறோமா என்று தெரியாமல் ஓட்டுவது சாதாரண விஷயமில்லை.

மீட்டர் இருளுவது எல்லா கார்களுக்கும் வரக்கூடிய கோளாறுதான். ஆனால், வயதாகும் ஹைபிரிட் கார்களில் அதற்குச் சில தனிக் காரணங்களும், தனி ஆபத்துகளும் உண்டு. 'ஹைபிரிட்டா? அதெல்லாம் பெங்களூரு ஐ.டி-காரங்க வண்டியாச்சே' என்று டெல்டாவாசிகள் நினைக்கலாம். உங்கள் தெருவில் நிற்கும் கார்களின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

பேட்ஜ் சொல்லும் கதை

உலகின் முதல் பெரிய ஹைபிரிட் வெற்றி, டொயோட்டா ப்ரியஸ். 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் ஹோண்டா, 2008-ல் சிவிக் ஹைபிரிட்டைக் கொண்டுவந்தது. 2010-ல் ப்ரியஸ் இங்கே இறக்குமதியானது. 2013-ல் கேம்ரி ஹைபிரிட், பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் பிடதி ஆலையிலேயே தயாரானது. இவையெல்லாம் பணக்கார வண்டிகள். தஞ்சாவூரில் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நிலைமையை மாற்றியது 2015. அந்த ஏப்ரலில் மத்திய அரசின் 'ஃபேம்' மானியத் திட்டம் வந்தது. அதே ஆண்டு மாருதி தன் சியாஸ் டீசலையும் எர்டிகா டீசலையும் 'எஸ்.ஹெச்.வி.எஸ்' என்ற பேட்ஜோடு இறக்கியது. இவை 'மைல்டு ஹைபிரிட்' ரகம். அதாவது, கரன்ட்டில் மட்டும் தனியாக ஓடாது. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும்; கிளட்சை மிதித்தால் திரும்ப உயிர் பெறும்; வேகமெடுக்கும்போது ஒரு சின்ன மோட்டார் தோள் கொடுக்கும். 2017 ஏப்ரலில் மைல்டு ஹைபிரிட்டுக்கான மானியம் நின்றுபோனது. ஆனால், அதற்குள் கல்யாண வீடு, கோயில், ஆஸ்பத்திரி என்று டெல்டா முழுக்க எர்டிகாக்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

அந்த வண்டிகளுக்கு இப்போது 10 வயது. பல வண்டிகள் இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிவிட்டன. வாங்கியவர்களில் சிலருக்குத் தங்கள் கார் ஹைபிரிட் என்பதே தெரியாது. 'பேட்டரி சீக்கிரம் போகுது சார்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீட்டர் பிரச்னையின் முதல் முடிச்சு அந்தப் பேட்டரியில்தான் இருக்கிறது.

ரயில்வே கேட்டில் தொடங்கும் சிக்கல்

திருவாரூர் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் நிற்கிறீர்கள். இன்ஜின் தானாக அணைகிறது. ஆனால் ஹெட்லைட், மின்விசிறி, மியூசிக், மீட்டர் எல்லாமே அந்த 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கரன்ட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. ரயில் போனதும் கிளட்சை மிதிக்கிறீர்கள். இன்ஜினைச் சுழற்ற ஒரே நேரத்தில் பெரிய அளவு கரன்ட் போகிறது. பேட்டரி திடமாக இருந்தால் கவலையில்லை. வலுவிழந்திருந்தால் அந்த ஒரு நொடி வோல்ட்டேஜ் சரிகிறது. மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் மயங்கி விழுந்து, மறுபடி எழுந்திருக்கிறது. முள் பூஜ்யத்துக்குப் போய்த் திரும்பும். சம்பந்தமே இல்லாமல் ஏர்பேக், ஏ.பி.எஸ், இன்ஜின் விளக்குகள் தீபாவளி சீரியல் செட் மாதிரி எரியும்.

சாதாரண காருக்கு ஒரு நாளில் நாலைந்து ஸ்டார்ட். இந்தக் கார்களுக்கு டவுனுக்குள் ஒரு சுற்று வந்தாலே அதைவிட அதிகம். அதனால்தான் நிறுவனங்கள் இதற்கென்றே அடிக்கடி ஸ்டார்ட்டைத் தாங்கும் தனிரக பேட்டரியைக் கொடுக்கின்றன. அது விலை அதிகம். அந்தப் பேட்டரி ஓய்ந்ததும், 'எல்லாம் 12 வோல்ட்தானே' என்று சாதாரண பேட்டரியைத் தூக்கி வைத்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். வண்டி ஓடும். ஆனால், அந்தப் பேட்டரி சீக்கிரமே சோர்ந்துபோக, வினோதமான மீட்டர் கோளாறுகள் வரிசைகட்டும். மெக்கானிக் மீட்டரைக் கழற்றுவார், சென்சாரை மாற்றுவார், காசு கரையும். பேட்டரியை லோடு டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதை முதலில் செய்திருக்கலாம்.

2018-க்குப் பிறகு வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் சியாஸில் வழக்கமான பேட்டரியோடு ஒரு லித்தியம் அயன் பேட்டரியும் உண்டு. முன்சீட்டின் அடியில் இருக்கும். இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே சீட்டுக்கடியில் தண்ணீர் கேனும் குடையும் திணித்து வைப்பவர்கள் கவனிக்கவும்.

முழு ஹைபிரிட் கார்களில் கதை வேறு. ப்ரியஸில் சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரி சுமார் 200 வோல்ட். இன்ஜினைச் சுழற்றுவதும் அதுதான். ஆனாலும் காரைக் கண்விழிக்க வைப்பது டிக்கியில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது படுத்தால், பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் பலனில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் முழு சார்ஜில் இருந்தும், மெயின் சுவிட்ச்சைப் போட ஆளில்லாத கதை!

ஒரு சின்ன உருளை... ஒரு பெரிய செலவு

பேட்டரி நன்றாக இருக்கிறது. ஆனாலும் மீட்டர் இருள்கிறது என்றால்?

இந்தக் கதையின் உலகப் பிரபல உதாரணம், இரண்டாம் தலைமுறை ப்ரியஸ். 2000-களின் நடுவில் வந்த அந்தக் கார்களில் பல, சில வருடங்கள் ஓடியபின் ஒரு நாள் ஸ்டார்ட் செய்யும்போது டிஸ்ப்ளே வராமல் அடம்பிடித்தன. வேகம், எரிபொருள், கியர் எதுவும் தெரியாது. சில நேரம் பார்க்கிலிருந்து கியரே மாறாது. சில நேரம் நிறுத்தினாலும் காரின் மின்சாரம் அணையாது. அமெரிக்காவில் விவகாரம் கோர்ட்டு வரை போய், குறிப்பிட்ட வருட மாடல்களுக்கு டொயோட்டா கூடுதல் காலம் பொறுப்பேற்றது. அதற்கு முன்பு பலர் முழு மீட்டரையும் கைக்காசு போட்டு மாற்றியிருந்தார்கள்.

பிரித்துப் பார்த்த எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் குற்றவாளியாகக் கைகாட்டியது ஒரு கெபாசிட்டரை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய உருளை. மின்சாரத்தைத் தேக்கிச் சீராகக் கொடுப்பது அதன் வேலை. அதற்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் வெப்பத்தில் காய்ந்தால் தேக்கும் சக்தி குறையும். கெபாசிட்டர் தயாரிப்பாளர்கள் எல்லோரும் சொல்லும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும்.

இப்போது இதைக் கத்திரி வெயிலில் பெரிய கோயில் பார்க்கிங்கில் நிற்கும் காரோடு பொருத்திப் பாருங்கள். வெளியே 40 டிகிரி. கண்ணாடி ஏற்றிய காரில், நேர் வெயில் விழும் டேஷ்போர்டின் மேல்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். மீட்டர் உட்கார்ந்திருப்பது அதற்கு நேர் கீழே. அடுத்த நிமிடம் நீங்கள் ஏறி ஏ.சி-யை முழுவதும் திருப்புகிறீர்கள். இப்படிச் சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் போர்டில் இருக்கும் ஈயப் பற்றுகள் விரிந்து சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். டேஷ்போர்டைத் தட்டினால் மீட்டர் உயிர்பெறுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். அந்தக்கால டிவி பெட்டியின் தலையில் தட்டிய அதே வைத்தியம், அதே காரணத்தால்தான் வேலை செய்கிறது.

கெபாசிட்டரின் விலை ஒரு டீ, வடைக்குள் அடங்கும். புது மீட்டரின் விலையோ பல ஆயிரம். சர்வீஸ் சென்டர்களில் போர்டை ரிப்பேர் செய்யும் பழக்கம் அநேகமாகக் கிடையாது. முழு மீட்டராகத்தான் மாற்றுவார்கள். இதனால் ஊருக்கு ஊர் மீட்டரைப் பிரித்துச் சரிசெய்யும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் முளைத்திருக்கின்றன. நல்ல கைகளும் உண்டு. கெடுத்து அனுப்பும் கைகளும் உண்டு. கொடுக்கும் முன் ஓடோமீட்டரில் இருக்கும் கிலோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்வது அவசியம்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய மீட்டர் வாங்கி மாட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மீட்டர், வேறொரு காரின் கிலோமீட்டரைச் சுமந்து வரும். சில மாடல்களில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைஸர் வேலையும் மீட்டரோடு சேர்ந்திருக்கும். மாற்றினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. மாற்றத்தான் வேண்டுமென்றால் தேதி, பழைய ரீடிங், புதிய ரீடிங் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நாளைக்கு விற்கும்போது 'கிலோமீட்டரைக் குறைச்சுட்டான்' என்ற பழி வராமலிருக்க அதுதான் ஆதாரம்.

யாழ்ப்பாணத்தில் ப்ரியஸ்

நம் ஊரில் அபூர்வமான ப்ரியஸ், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் சர்வசாதாரணம். இலங்கையில் வரிச்சலுகை இருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து ப்ரியஸ், அக்வா, ஹோண்டா ஃபிட், வெஸல் என்று பழைய ஹைபிரிட்கள் ஏராளமாக வந்திறங்கின. யாழ்ப்பாணத்து வீதிகளிலும் பார்க்கலாம். பலவற்றின் திரையில் எழுத்துகள் இன்னமும் ஜப்பானிய மொழியில்தான். எச்சரிக்கை வந்தால் போனில் படம்பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டிய நிலை.

2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருடம் புதுக் காரே இல்லை. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டியாக வேண்டும். தூக்கியெறிய வழியில்லாத இடத்தில் மீட்டரும் பேட்டரியும் ரிப்பேர் ஆகத்தானே செய்யும்?

எலியும் இலையும்

தஞ்சாவூருக்குத் திரும்புவோம். இங்கே ஒரு ஸ்பெஷல் எதிரி இருக்கிறது. வயல் எலி.

தை, மாசியில் அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியதும், வரப்பில் வளை தோண்டியிருந்த எலிகளுக்குத் தீனியும் மறைவும் போய்விடுகின்றன. வீடு, களம், நெல் குடோன், அப்படியே இன்ஜின் சூட்டோடு நிற்கும் கார். வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களைத் தேய்க்க எலிக்கு எதையாவது கடித்தாக வேண்டும். வயரிங்கின் பிளாஸ்டிக் உறை அதற்கு வாகாக இருக்கிறது. கார் வயர் உறையில் சோயா சேர்ப்பதால்தான் எலி வருகிறது என்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள்.

மீட்டர் தானாக எதையும் அளப்பதில்லை. காருக்குள் இருக்கும் பல கம்ப்யூட்டர்கள் இரண்டே இரண்டு மெல்லிய, முறுக்கிய வயர்கள் வழியாகப் பேசிக்கொள்வதைக் கேட்டு, நமக்குச் சொல்லும் செய்தி வாசிப்பாளர் மட்டும்தான் அது. அந்த ஜோடி வயரில் எலி வாய் வைத்தால் மீட்டருக்குச் செய்தி வராது. மீட்டரை மாற்றினாலும் பயன் இருக்காது.

வரப்பில் வைக்க மூங்கிலில் செய்யும் 'தஞ்சாவூர் கிட்டி' உலகத்தரமான எலிப்பொறி. வேளாண் விஞ்ஞானிகளே பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால், அதை இன்ஜினுக்குள் வைக்க முடியாதே! நெல் மூட்டை, தவிட்டு மூட்டை பக்கத்தில் காரை நிறுத்தாமலிருப்பது, இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து பார்ப்பது, வாரக்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைக்காமல் இருப்பது... இவைதான் கைகொடுக்கும். இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் எலிக்கடி அதில் அடங்குமா என்று பாலிசியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இரண்டாவது எதிரி ஐப்பசி, கார்த்திகை மழை. நிழலுக்காக வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிறுத்துகிறோம். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் இலைகள் சேர்ந்து, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்துவிடும். மழைநீர் தேங்கி டேஷ்போர்டுக்குப் பின்னால் சொட்டும். கனெக்டர் பின்களில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். மழைக்காலம் முடிந்து மாதங்கள் கழித்து மீட்டர் மக்கர் செய்யும்போது, யாருக்கும் அந்த இலைகள் ஞாபகத்துக்கு வராது.

ஓடும்போது இருண்டால்?

முதல் விஷயம், சடன் பிரேக் வேண்டாம். பெரும்பாலும் இன்ஜின், பிரேக், ஸ்டீயரிங் மூன்றும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஹசார்டு விளக்கைப் போட்டு, மெதுவாக இடது ஓரம் ஒதுங்குங்கள். ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் எரிகின்றனவா என்று கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். மீட்டரோடு சேர்ந்து அவையும் போயிருந்தால் ஃபியூஸோ, மெயின் சப்ளையோ காரணமாக இருக்கலாம். அந்த வண்டியை இரவில் ஓட்டவே கூடாது. ஓட்டியே ஆக வேண்டிய நிலையில், பக்கத்து சீட்டுக்காரர் போனில் கூகுள் மேப்ஸைப் போட்டு வேகத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரலாம். ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது.

முழு ஹைபிரிட் காரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நிற்கும்போது சத்தமே இருக்காது. கார் ஆனில் இருக்கிறது என்று சொல்வதே 'ரெடி' என்ற ஒரு விளக்குதான். மீட்டர் இருண்டால் அதுவும் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துக் குழந்தையை உள்ளே விட்டு இறங்குவார்கள். கார் ஆனிலேயே இருந்தால், பேட்டரி சார்ஜ் குறையும்போது இன்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகும். மூடிய ஷெட்டுக்குள் அது நடந்தால் புகை உயிருக்கே ஆபத்து. எனவே பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பவர் பட்டன் வழியாக அணைந்துவிட்டதை உறுதி செய்துகொண்டே இறங்க வேண்டும். பட்டனுக்கு மசியாவிட்டால் மேனுவலில் சொல்லியிருக்கும் அவசரகால முறைப்படி அணைக்கலாம். ஆரஞ்சு நிற கேபிள்களை மட்டும் ரோட்டோர மெக்கானிக் யாரையும் தொட விடாதீர்கள். அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம்.

7 வருடக் கோடு

மீட்டர் பழுதுக்காக நிறுவனங்களே கார்களைத் திரும்ப அழைத்ததுண்டு. 2018-ல் மாருதி, 880 சியாஸ் டீசல் கார்களை ஸ்பீடோமீட்டர் அசெம்ப்ளியை மாற்ற அழைத்தது. 2025 நவம்பரில் 39,506 கிராண்ட் விட்டாராக்களில் எரிபொருள் அளவையும் அதன் எச்சரிக்கை விளக்கையும் மீட்டர் சரியாகக் காட்டாமல் போகலாம் என்று அறிவித்தது. அதே காரணத்துக்காக டொயோட்டா 11,529 அர்பன் க்ரூய்ஸர் ஹைரைடர் கார்களை அழைத்தது. மாற்றித் தருவது இலவசம்.

இவையெல்லாம் கிட்டத்தட்டப் புதுக் கார்கள். 10 வயது கார் வைத்திருப்பவர் என்ன செய்வது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம், பழுதான கார்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. வாகன உரிமையாளர்கள் ஆன்லைனில் புகார் பதியலாம். ஆனால், 7 வருடத்துக்கு உட்பட்ட வாகனங்களுக்குத்தான் இது பொருந்தும். காரின் ஆர்.சி-க்கு ஆயுள் 15 வருடம், அதன்பிறகும் எஃப்.சி எடுத்துப் புதுப்பிக்கலாம். கெபாசிட்டர் காய்வதோ, போர்டு விரிசல் விடுவதோ பெரும்பாலும் 7 வயதுக்குப் பிறகுதான். வயதாவதால் வரும் கோளாறு, வயதான கார்களை விலக்கிவைக்கும் விதியில் எப்படிப் பிடிபடும்?

அமெரிக்காவில் 2021-ல் நடந்ததை இதோடு ஒப்பிடலாம். டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரை, நினைவுச் சிப் தேய்ந்து சில வருடங்களில் செயலிழந்தது. திரை போனால் ரிவர்ஸ் கேமராவும் போகும், எனவே இது பாதுகாப்புக் குறைபாடு என்று அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு அமைப்பு வற்புறுத்தியது. சுமார் 1.35 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் பழையவை 2012 மாடல்கள்!

வாரன்ட்டியிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. இப்போதைய டொயோட்டா ஹைபிரிட்களுக்கு '8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர்' என்று விளம்பரத்தில் வருவது பெரிய ஹைபிரிட் பேட்டரிக்கு. மீட்டருக்கு அல்ல. வாங்கும்போதே எந்தப் பாகத்துக்கு எவ்வளவு காலம் என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். சர்வீஸில் குறையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அடுத்தது தஞ்சாவூரிலேயே இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்னை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஜாப் கார்டு, பில், மீட்டர் இருண்டபோது எடுத்த வீடியோ இவை கையில் இருந்தால் பேச்சுக்கு வலு கூடும்.

பழைய எர்டிகாவோ சியாஸோ பார்க்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். சாவியை ஆனில் மட்டும் திருப்புங்கள். இன்ஜின், ஏ.பி.எஸ், ஏர்பேக், பேட்டரி விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும்; ஏ.பி.எஸ், ஏர்பேக் விளக்குகள் சில நொடிகளிலும், இன்ஜின், பேட்டரி விளக்குகள் ஸ்டார்ட் செய்த பிறகும் அணைய வேண்டும். ஒரு விளக்கு கடைசிவரை எரியவே இல்லையென்றால், கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. யாரோ அந்த விளக்கைச் செயலிழக்க வைத்திருக்கிறார்கள் என்றும் இருக்கலாம். நீங்கள் போய்ச் சேரும் முன்பே புரோக்கர் காரை ஸ்டார்ட் செய்து, ஏ.சி போட்டுத் தயாராக வைத்திருந்தால், ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.